கர்ப்பிணியின் வயிற்று வலியும் உறைந்த ரத்தமும்

கேள்வி இது: "கர்ப்ப காலத்தில் கால் சிரையில் ரத்தம் உறையும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். வயிற்றுக்குள்ளும் உறைந்து, குடல் அழுகிப்போய், அவசர அறுவை சிகிச்சை வரை போகும் என்கிறார்களே, உண்மையா? கர்ப்பத்தில் வயிற்று வலி வராத பெண்ணே இல்லை. அதில் எது ஆபத்தானது என்று எப்படிப் பிரித்தறிவது?"

உண்மைதான். ஆனால் மிக மிக அரிது. மகப்பேறு மருத்துவர் ஒருவர் தம் பணிக்காலம் முழுவதிலும் ஒன்றிரண்டு பேரைப் பார்த்திருந்தால் அதிகம். ஒருவரையும் பார்க்காமலே ஓய்வு பெறுபவர்களும் உண்டு. அந்த அரிய தன்மைதான் இதை ஆபத்தாக்குகிறது. நோய் தெரிந்துவிட்டால் மருந்து இருக்கிறது, அறுவை சிகிச்சை இருக்கிறது. நினைவுக்கு வராத நோய்க்கு ஸ்கேன் எழுத யாருக்கும் தோன்றாது. இந்தப் பதில் நெடுகிலும் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது அந்தத் தாமதத்தைப் பற்றித்தான்.

முதலில், கர்ப்பத்தில் ரத்தம் ஏன் எளிதில் உறைகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். பிரசவம் முடிந்து நஞ்சுக்கொடி பிரியும்போது கருப்பைச் சுவரில் பல ரத்தக் குழாய்கள் ஒரே நேரத்தில் திறந்துகொள்கின்றன. நிறைமாதத்தில் கருப்பைக்குள் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. அந்தக் குழாய்கள் விரைவில் மூடாவிட்டால் தாய் சில நிமிடங்களில் அபாய நிலைக்குப் போய்விடுவாள். அதற்கு உடல் மாதக்கணக்கில் முன்னேற்பாடு செய்கிறது. ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜன் கூடுகிறது. ஏழாம், எட்டாம், பத்தாம் உறைகாரணிகள் கூடுகின்றன. உறைதலுக்குக் கடிவாளம் போடும் புரோட்டீன் எஸ் குறைகிறது. உறைந்ததைக் கரைக்கும் ஆற்றலும் மந்தமாகிறது; கரைப்பதைத் தடுக்கும் பொருள் ஒன்றை நஞ்சுக்கொடியே சுரக்கிறது. போதாக்குறைக்கு ஹார்மோன்களால் சிரைகள் தளர்ந்து விரிகின்றன, வளரும் கருப்பை இடுப்புச் சிரைகளை அழுத்துகிறது, ரத்தம் தேங்குகிறது.

ரத்தத்தின் தன்மை மாறுவது, ஓட்டம் மந்தமாவது, குழாயின் உட்சுவர் காயப்படுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் உறைவு ஏற்படும் என்ற கருத்து ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோவின் பெயரால் வழங்குகிறது. முதல் இரண்டும் ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் இருக்கின்றன. பிரசவமும் சிசேரியனும் மூன்றாவதைச் சேர்த்துவிடுகின்றன. இதனால் கர்ப்பத்தில் சிரை உறைவுக்கான வாய்ப்பு அதே வயதுடைய மற்றப் பெண்களைவிட நான்கைந்து மடங்கு கூடுகிறது. பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களில், குறிப்பாக முதல் வாரத்தில், அதைவிடவும் கூடுகிறது. இருந்தும் ஆயிரம் கர்ப்பங்களில் ஒன்றிரண்டில்தான் இது நேர்கிறது. அதிலும் பெரும்பான்மை கால் சிரையிலும் நுரையீரலிலும்தான். வயிற்றுக்குள் உறைவது அந்தச் சிறு எண்ணிக்கையிலும் ஒரு சிறு பகுதி.

வயிற்றுக்குள் என்றால் எங்கே? இடத்துக்கு இடம் நோயின் போக்கு மாறுகிறது.

மிகவும் அஞ்ச வேண்டியது குடலில் உறைவதுதான். சிறுகுடலிலிருந்து ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் பெரிய சிரைக்கு மேல் மெசென்டெரிக் சிரை என்று பெயர். அது மேலே சென்று போர்ட்டல் சிரையாகிக் கல்லீரலுக்குள் நுழைகிறது. இந்த வழி அடைபட்டால் குடலுக்கு ரத்தம் போவது உடனே நின்றுவிடுவதில்லை. தமனி பாய்ச்சிக்கொண்டே இருக்கும், வெளியேறத்தான் வழியில்லை. மடை திறந்திருக்க வடிகால் அடைபட்ட வயலைப் போலக் குடல் ஊறி வீங்குகிறது. குடலுக்குள்ளும் வயிற்று அறைக்குள்ளும் நீர் கசிகிறது. வீக்கம் ஓர் எல்லையைத் தாண்டியதும் உள்ளே வரும் ரத்தமும் தடைபட்டு, குடலின் அந்தப் பகுதி கறுத்து அழுகத் தொடங்குகிறது. இப்படி இறந்த குடலை வெட்டியெடுத்த அனுபவத்தை ஜே. டபிள்யூ. எலியட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1895-இலேயே பதிவு செய்திருக்கிறார். ஆக, மருத்துவம் இந்த நோயை அறிந்து நூறாண்டுக்கும் மேலாகிறது.

இது படிப்படியாக நடப்பதால் வலியும் படிப்படியாகவே வருகிறது. தமனி அடைபட்டால் திடீரென்று வெட்டியதைப் போல வலிக்கும். சிரை அடைபட்டாலோ பல நாட்கள், சில நேரங்களில் ஒரு வாரத்துக்கும் மேல், தொப்புளைச் சுற்றி இன்ன இடம் என்று காட்ட முடியாத வலி இருந்துகொண்டிருக்கும். பசி போகும். குமட்டும், வாந்தி வரும், வயிறு உப்பும். மலத்தில் ரத்தம் தெரிவது பெரும்பாலும் பிந்திய கட்டத்தில்தான். அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

இந்த நோயை அறிந்த மருத்துவர்கள் எல்லோரும் நம்பும் தடயம் ஒன்று உண்டு: வலிக்கும் வயிற்றுக்கும் பொருத்தமில்லாமை. நோயாளி வலியில் துடிக்கிறாள். வயிற்றை அழுத்திப் பார்த்தால் மென்மையாக இருக்கிறது. பெரிதாக ஒன்றும் தட்டுப்படவில்லை. அப்போது "இவர் மிகைப்படுத்துகிறார்" என்ற முடிவுக்கு யார் வந்தாலும் அது பெரிய தவறு. வயிறு பலகையைப் போல இறுகிய பிறகு நோயைக் கண்டுபிடிப்பதில் திறமை எதுவும் இல்லை. அதற்குள் குடல் இறந்திருக்கும்.

கர்ப்பம் இந்தத் தடயத்தையும் மங்கச் செய்துவிடுகிறது. பெருத்த கருப்பை வயிற்றுச் சுவரைக் குடலிலிருந்து விலக்கித் தூக்கி நிற்பதால், உள்ளே அழற்சி இருந்தாலும் கைக்குத் தெரியாமல் போகலாம். குடல் உறுப்புகள் மேலும் பக்கவாட்டிலுமாக நகர்ந்திருக்கும். வாந்தியா, கர்ப்பிணிக்கு இயல்பு. மலச்சிக்கலா, அதுவும் இயல்பு. நெஞ்செரிச்சல், வயிறு உப்பல், இடுப்பு இழுப்பு எல்லாமே இயல்பு. வெள்ளணுக்கள் கூடியிருக்கின்றனவா? கர்ப்பத்தில் 15,000 வரை கூடுவது சாதாரணம். பிரசவ வலியின்போது அதற்கும் மேல் போகும். ரத்த உறைவைச் சந்தேகிக்கும்போது மற்றவர்களுக்குச் செய்யும் டி-டைமர் பரிசோதனை இங்கே அதிகம் உதவாது. நலமான கர்ப்பத்திலேயே அது உயர்ந்துதான் இருக்கும். திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் கூடும் லாக்டேட்டின் அளவு இயல்பாக இருப்பதும் ஆறுதல் தராது. குடல் இறக்கத் தொடங்கிய பிறகே பல நேரங்களில் அது ஏறுகிறது. இப்படி ஒவ்வோர் அறிகுறிக்கும் ஒரு சமாதானம் கையிருப்பில் இருப்பதால், எல்லாச் சமாதானங்களும் சேர்ந்து இரண்டு மூன்று நாட்களை விழுங்கிவிடுகின்றன.

அடுத்த தாமதம் ஸ்கேனில். முதலில் அல்ட்ராசவுண்ட் செய்வது சரிதான். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் முறையில் கல்லீரல் சிரைகளையும் போர்ட்டல் சிரையையும் நன்றாகவே பார்க்கலாம். ஆனால் குடலின் சிரைகள் வாயுவுக்கும் கருப்பைக்கும் பின்னால் மறைந்துவிடும். "அல்ட்ராசவுண்டில் ஒன்றுமில்லை" என்பது "ஒன்றுமில்லை" என்பதற்குச் சமம் அல்ல. எம்.ஆர்.ஐ. உடனே கிடைக்குமானால் நல்லது. படம் தெளிவாகத் தெரிவதற்கான கடோலினியம் என்ற மருந்தைக் கர்ப்பிணிக்குச் செலுத்துவதைத் தவிர்ப்பார்கள், அது இல்லாமலும் பல சிரைகளைப் பார்க்க முடியும். தெளிவான, விரைவான பதிலைத் தருவது மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன்.

சி.டி. என்றதும் குடும்பம் பதறுகிறது. சில மருத்துவர்களும் தயங்குகிறார்கள். கணக்கைப் பார்ப்போம். வயிற்றுக்கு ஒருமுறை சி.டி. எடுத்தால் கருவுக்குப் போய்ச் சேரும் கதிர்வீச்சு பொதுவாக 35 மில்லிகிரேக்குள் (மில்லிகிரே என்பது உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) அடங்கும். 50 மில்லிகிரேக்குக் கீழே பிறவிக் குறைபாடோ கருச்சிதைவோ கூடுவதாகத் தெரியவில்லை. குழந்தைப் பருவப் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகச் சிறிதளவு கூடலாம் என்று கருதப்படுவது உண்மை; அதை மறைக்கத் தேவையில்லை. அதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் கேள்வி. தாயின் குடல் அழுகி, நஞ்சு ரத்தத்தில் கலந்து, ரத்த அழுத்தம் சரிந்தால் முதலில் பாதிக்கப்படுவது கருவுக்குப் போகும் ரத்த ஓட்டம்தான். என் கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்: தீவிரமான, விளக்கமில்லாத வயிற்று வலியோடு இருக்கும் கர்ப்பிணிக்குக் கதிர்வீச்சுக்குப் பயந்து சி.டி.யைத் தள்ளிப்போடுவது குழந்தையைக் காப்பாற்றும் செயல் அல்ல.

நோய் தெரிந்தவுடன் தொடங்க வேண்டியது ஹெப்பாரின் என்ற உறைதடுப்பு ஊசி மருந்து. அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையைச் சேர்வதில்லை. கர்ப்பத்தில் ஹெப்பாரினும் அதன் குறைந்த மூலக்கூறு எடை வகைகளும் முதன்மையான மருந்தாக இருப்பது அதனால்தான். வார்ஃபரின் என்ற உறைதடுப்பு மாத்திரை தாண்டும், முதல் மூன்று மாதங்களில், குறிப்பாக ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள், குழந்தையின் எலும்பு, மூக்கு வளர்ச்சியைக் கெடுக்கக்கூடும். புதிதாக வந்துள்ள வாய்வழி உறைதடுப்பு மாத்திரைகளையும் கர்ப்பத்தில் தருவதில்லை.

குடல் இன்னும் உயிரோடு இருந்தால், ஹெப்பாரினும் சிரை வழி நீரும் குடலுக்கு ஓய்வும் மட்டுமே பலருக்குப் போதுமானவை. மருந்து உறைந்த ரத்தக் கட்டியைக் கரைப்பதில்லை; மேலும் வளராமல் தடுக்கிறது. உடல் தன் வேகத்தில் மாற்று வழிகளைத் திறந்துகொள்கிறது. குடல் இறந்திருந்தாலோ துளை விழுந்திருந்தாலோ வயிற்றைத் திறந்து அந்தப் பகுதியை வெட்டியெடுத்தே ஆக வேண்டும். அங்கே அறுவை மருத்துவருக்கு ஒரு சங்கடம் காத்திருக்கும்: எங்கே உயிருள்ள குடல் முடிகிறது, எங்கே இறந்தது தொடங்குகிறது என்பது சிரை அடைப்பில் தெளிவான கோடாகத் தெரியாது. தாராளமாக வெட்டினால், சிறுகுடல் இரண்டு மீட்டருக்கும் குறைவாக மிஞ்சி, உண்ட உணவே உடலில் சேராத நிலை வாழ்நாள் முழுதும் தொடரலாம். சிக்கனமாக வெட்டினால் இறக்கும் குடல் உள்ளே தங்கிவிடும். ஆகவே பலர் நிச்சயமாக இறந்ததை மட்டும் எடுத்துவிட்டு, 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மறுபடியும் வயிற்றைத் திறந்து பார்க்கிறார்கள். இரண்டாம் அறுவை சிகிச்சை என்றதும் குடும்பத்தார் "முதலாவது தோற்றுவிட்டதா?" என்று கேட்பார்கள். இல்லை. பல நேரங்களில் அது முதலிலேயே போட்ட திட்டம்.

குழந்தையை எடுத்துவிட வேண்டுமா என்பதற்கு ஒரே விடை கிடையாது. தாய் நிலையாக இருந்து, மாதமும் குறைவாக இருந்தால் கர்ப்பத்தைத் தொடரவிட்டே குடலுக்குச் சிகிச்சை தருவார்கள். குழந்தை பிழைக்கும் வாரங்களை எட்டியிருந்தால், அதன் இதயத் துடிப்பையும் தாயின் நிலையையும் பார்த்து அங்கேயே முடிவெடுப்பார்கள். குறைமாதப் பிரசவத்துக்கு வாய்ப்பிருந்தால், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஸ்டீராய்டு ஊசியை முன்கூட்டியே போடுவதுண்டு.

இரண்டாவது இடம் சினைப்பைச் சிரை. இது குடல் உறைவு அளவுக்குக் கொடியது அல்ல. ஆனால் அதைவிட அடிக்கடி வருவது. பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகே, அதிலும் சிசேரியனுக்குப் பின் கூடுதலாக, முதல் ஒன்றிரண்டு வாரங்களில் வருகிறது. பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு வலப்பக்கம்தான். இதற்கு உடற்கூறு காரணம் இருக்கிறது. வலது சினைப்பைச் சிரை நீளமானது. நிறைமாதக் கருப்பை வலப்புறம் சாய்ந்து திரும்பி அதை அழுத்துகிறது. பிரசவத்துக்குப் பின் இடது சிரையில் ரத்தம் பின்னோக்கியும் ஓடி வலப்பக்கம் வந்து சேர்வதால், கிருமிகளும் அந்தப் பக்கமே வந்து குவிகின்றன. கால் சிரை உறைவு கர்ப்பத்தில் பெரும்பாலும் இடது காலில் வர, இது மட்டும் வலப்பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது விந்தைதான்.

வலது அடிவயிற்றில் வலி, காய்ச்சல். உடனே யாருக்கும் குடல்வால் அழற்சிதான் நினைவுக்கு வரும். அல்லது கருப்பையில் கிருமித் தொற்று, சிறுநீரகத் தொற்று என்று நினைத்து நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பார்கள். அது பிழையில்லை. சரியான மருந்து கொடுத்தும் இரண்டு மூன்று நாட்களில் காய்ச்சல் இறங்கவில்லை என்றால், மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருக்காமல் ஸ்கேன் எடுத்துச் சிரையைப் பார்க்க வேண்டும். இருந்தால், நுண்ணுயிர்க்கொல்லியோடு ஹெப்பாரினும் சேரும். கவனிக்காமல் விட்டால் கட்டி மேலேறி, வலப்பக்கமானால் உடலின் பெருஞ்சிரைக்கும், இடப்பக்கமானால் சிறுநீரகச் சிரைக்கும், அங்கிருந்து நுரையீரலுக்கும் போகக்கூடும்.

மூன்றாவது, கல்லீரலிலிருந்து ரத்தத்தை வெளியேற்றும் சிரைகள் அடைபடும் பட்-கியாரி நோய். ஜார்ஜ் பட் 1845-இலும் ஹான்ஸ் கியாரி 1899-இலும் விவரித்ததால் இந்தப் பெயர். வலது மேல்வயிற்றில் வலி, கல்லீரல் வீக்கம், வயிற்றில் விரைவாக நீர் சேர்வது ஆகியவை இதன் அடையாளங்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிரசவத்துக்குப் பின்னும் வந்தால் குழப்பம் உறுதி. ரத்த அழுத்தம் கூடி, கல்லீரல் நொதிகள் உயர்ந்து, தட்டணுக்கள் குறையும் ஹெல்ப் என்ற நிலையும், கர்ப்பத்தில் கல்லீரலில் கொழுப்பு சேரும் நோயும் ஏறக்குறைய இதே வலியோடு வருகின்றன. அவை இரண்டும் பிரசவமானதும் பெரும்பாலும் தணியத் தொடங்கும்; பட்-கியாரி தணியாது. குழந்தை பிறந்த பிறகும் வயிற்றில் நீர் ஏறிக்கொண்டே போகிறது, கல்லீரல் பெரிதாகிறது என்றால் டாப்ளர் செய்தாக வேண்டும். உறைதடுப்பு மருந்தில் தொடங்கி, சிரைக்குள் குழாய் பொருத்துவது, தேவைப்பட்டால் கல்லீரல் மாற்று வரை சிகிச்சை நீளும்.

சிறுநீரகச் சிரை, மண்ணீரல் சிரை ஆகியவற்றிலும் உறைவதுண்டு. விவரித்தால் பதில் இன்னும் நீளும். தமனி அடைப்பைப் பற்றி ஒரு சொல் மட்டும்: இதய வால்வு நோயோ ஒழுங்கற்ற இதயத் துடிப்போ உள்ள கர்ப்பிணிக்குத் திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி வந்தால், இதயத்திலிருந்து கிளம்பிய கட்டி குடல் தமனியில் சிக்கியிருக்கலாம். அங்கே நாட்கணக்கு கிடையாது, மணிக்கணக்குதான்.

யாருக்கு இந்த வாய்ப்பு கூடுதல்? முன்பே ஒருமுறை ரத்தம் உறைந்தவர்கள், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு இளம் வயதில் உறைந்த வரலாறு உள்ளவர்கள், உடலின் எதிர்ப்பாற்றலே ரத்தத்தை உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் உள்ளவர்கள், ஃபேக்டர் ஐந்து லெய்டன் போன்ற மரபு மாற்றம் உள்ளவர்கள், உறைதலைக் கட்டுப்படுத்தும் புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் ஆகியவற்றில் குறைபாடு உள்ளவர்கள். கடும் வாந்தியால் உடலில் நீர் வற்றிப் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கும், குழந்தைப்பேற்றுக்கான சிகிச்சையில் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டவர்களுக்கும் வழக்கமில்லாத இடங்களில் உறையலாம். வயிற்றுச் சிரைகளில் உறைந்தவர்களிடம் இன்னொன்றையும் தேட வேண்டும்: எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை மிகையாக உற்பத்தி செய்யும் நோய்கள். ரத்தப் பரிசோதனை எண்ணிக்கைகள் இயல்பாகவே இருக்க, 2005-இல் கண்டறியப்பட்ட ஜாக்-2 மரபணு மாற்றம் மட்டும் அதைக் காட்டிக்கொடுப்பதுண்டு. கர்ப்பத்தில் ரத்தம் நீர்த்திருப்பதால் அந்த எண்ணிக்கைகள் மேலும் ஏமாற்றும்.

கர்ப்பிணியின் புரோட்டீன் எஸ் அளவைப் பார்த்துவிட்டுப் "பரம்பரைக் குறைபாடு" என்று சீட்டில் எழுதிவிடுபவர்கள் உண்டு. கர்ப்பத்தில் அது எல்லோருக்கும் குறைகிறது. பிரசவமாகிச் சில வாரங்கள் கழித்து, மருந்துகளின் தாக்கமும் இல்லாதபோது செய்த பரிசோதனையைத்தான் நம்ப வேண்டும்.

இனி, வீட்டில் இருப்பவர் என்ன செய்வது? வலி ஒன்றிரண்டு மணி நேரத்தில் தணிந்து, சாப்பிட முடிந்து, மலம் போய், குழந்தையின் அசைவும் வழக்கம்போல இருந்தால் பெரும்பாலும் கவலை வேண்டாம். அடுத்த பரிசோதனையில் சொன்னால் போதும். விடாமல் பல மணி நேரம் நீடிக்கும் வலி, நாளுக்கு நாள் கூடும் வலி, தூக்கத்தைக் கலைக்கும் வலி, வலியோடு சேர்ந்த வாந்தி, காய்ச்சல், ரத்தம் கலந்த அல்லது தார் போன்ற கறுத்த மலம், மயக்கம், மூச்சு வாங்குதல், ஒரு கால் மட்டும் வீங்குதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறுவை மருத்துவரும் ஸ்கேன் வசதியும் உள்ள இடமாக இருந்தால் இடம் மாற்றும் நேரம் மிச்சம். போனதும் வலியை மட்டும் சொல்லாதீர்கள். குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறைந்ததா, முன்பு கருச்சிதைவுகள் உண்டா, என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதையும் கேட்காமலே சொல்லுங்கள். வீட்டுக்கு அனுப்பிய பிறகும் வலி கூடினால் மறுபடி போகத் தயங்க வேண்டாம். "ரத்தக் குழாயில் அடைப்பு இருக்க வாய்ப்பு உண்டா?" என்று நேரடியாகக் கேட்பதில் மருத்துவருக்கு அவமரியாதை எதுவும் இல்லை.

பிழைத்து வந்த பிறகு மருந்து நீளும். கர்ப்பத்தில் உறைந்தவர்களுக்குப் பிரசவம் வரையிலும், அதன்பின் குறைந்தது ஆறு வாரங்களும், மொத்தத்தில் மூன்று மாதங்களுக்குக் குறையாமலும் உறைதடுப்பு மருந்து தருவார்கள்; நிரந்தரக் காரணம் கண்டுபிடிக்கப்பட்டால் இன்னும் நீளலாம். பிரசவத் தேதி நெருங்கும்போது ஹெப்பாரின் ஊசியின் நேரத்தைத் திட்டமிட வேண்டும். முழு அளவு ஊசி போட்டு 24 மணி நேரம் ஆகாமல் முதுகுத்தண்டில் மயக்க மருந்து செலுத்த மாட்டார்கள். பிறகு தாய்ப்பால் கொடுக்கும்போது ஹெப்பாரினையும் வார்ஃபரினையும் தொடரலாம்; இரண்டாலும் குழந்தைக்குத் தொந்தரவில்லை. புதிய வகை மாத்திரைகளைத்தான் அப்போதும் தவிர்க்கிறார்கள். அடுத்த கர்ப்பம் உறுதியானதுமே ரத்தவியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி தொடக்கத்திலிருந்தே தேவைப்படும். அதுவரை கருத்தடைக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைத் தொடவே கூடாது. மருந்துக்கடையில் வாங்கும்போது யாரும் இதை நினைவூட்டப் போவதில்லை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளிலேயே, தாமிரக் கருத்தடைச் சாதனமா, புரோஜெஸ்டிரோன் மட்டும் உள்ள முறையா என்று கேட்டு முடிவு செய்துவிடுங்கள்.